கூடிப் பாடும் ஊர்: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களின் இசைக் குழுக்கள்

பெயர்ப்பலகை மாட்டிய இசைச் சங்கத்தைத் தேடிக்கொண்டு கொல்லயிலுக்கு யாரும் போவதில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாற்றின்கரை தாலுக்காவில், பாறசாலை பிளாக்கில் அடங்கிய ஒரு கிராமப் பஞ்சாயத்து அது. ரப்பரும் வாழையும் மரச்சீனியும் விளையும் மேட்டு நிலம், தனுவச்சபுரத்துக் கல்லூரி, திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி போகும் ரயில் பாதை, இவைதான் வெளியாள் கண்ணுக்குப் படும். தெற்கே சில கிலோமீட்டர் போனால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடும். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரங்களில் ஒரு சனிக்கிழமை மாலை இந்தப் பக்கம் நடந்து பாருங்கள். ஒரு தேவாலயத்தின் பக்கவாட்டு அறையிலிருந்து நான்கு குரல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும். அரைக் கிலோமீட்டர் தள்ளி இன்னொரு சபையில் அதே பாட்டு வேறு சுதியில் ஓடிக்கொண்டிருக்கும். சாலையில் சிங்காரி மேளத்துக்காரர்கள் வண்டியில் செண்டைகளை ஏற்றிக்கொண்டிருப்பார்கள். சங்கம் என்ற பெயர் இல்லாமலே சங்கத்தின் வேலை இங்கே பல இடங்களில் நடக்கிறது. அந்த வேலை என்ன, அது யாருக்குப் பயன்படுகிறது, எந்த இடத்தில் முட்டி நிற்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு உரிய கேள்வி.

ஊர்ப் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் சேர்ந்து, சந்தா கட்டி, ஆண்டுக்கு இரண்டு மூன்று நிகழ்ச்சி நடத்தும் சங்கம் என்ற வடிவம் ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. வியன்னாவின் இசை அன்பர் சங்கம் 1812-இல் தொடங்கியது. அது பிரபுக்களும் பணக்காரர்களும் ஆதரித்த ஊர். இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு கதை வேறு. 1836-இல் அங்கே பாடகர் சங்கம் உருவானபோது அது கம்பளி ஆலைகளின் ஊர். பகலில் தறியோடு நின்றவர்கள் இரவில் ஹாண்டெலின் ‘மெசையா’வைப் பாடினார்கள். இசைக் குறிப்பைப் படிக்கத் தெரியாதவர்களும் இப்படிச் சேர்ந்து பாடுவது அடுத்த பத்தாண்டுகளில் எப்படிப் பரவியது என்று கேட்டால், பதிலில் பாதி ஜான் கர்வன் என்ற பாதிரியாரிடம் இருக்கிறது. ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பை ஒதுக்கிவிட்டு, டோ ரே மீ என்ற எழுத்துகளையும் புள்ளிகளையும் கொண்டு பாட்டை எழுதும் டானிக் சொல்பா முறையை அவர் பரப்பினார். பியானோ வேண்டாம், காசு வேண்டாம். ஒரு கரும்பலகை போதும்.

கர்வன் காங்கிரிகேஷனல் சபையின் போதகர். தென் திருவிதாங்கூருக்கு வந்த லண்டன் மிஷன் சங்கமும் பெரும்பாலும் அதே சபையாரின் ஆதரவில் நடந்தது. ஏழைகள் பாடக் கற்க வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சபையின் பழக்கத்திலேயே இருந்தது. அதனால் ஆலைத் தொழிலாளிக்கு உருவான ஒரு முறையும் மனநிலையும், பனையேறிகளும் வயல் கூலிகளும் வாழ்ந்த ஒரு சீமைக்கு மிஷனரிகளின் பெட்டியோடு சேர்ந்து வந்தன என்று சொல்லலாம்.

லண்டன் மிஷனின் ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்தார். சார்லஸ் மீட் 1818-இல் நாகர்கோவிலில் பொறுப்பேற்றார். விரைவிலேயே அங்கே அச்சகம் வந்தது. பள்ளி, அச்சகம், மருத்துவமனை என்று மிஷன் வேலை மேற்கே நெய்யூர், பாறசாலை, திருவனந்தபுரம் வரை நீண்டது. அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் யார் எந்தச் சாலையில் நடக்கலாம், யார் என்ன உடுத்தலாம், யார் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதற்கெல்லாம் விதி இருந்தது. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் 1859 வரை நீண்டது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1855-இல்தான். உரக்கப் பேசுவதற்கே யோசித்த மக்கள் ஒரு கூரையின் கீழ், ஆணும் பெண்ணுமாக, வாய் திறந்து, முழுத் தொண்டையில் பாடினார்கள் என்றால் அது வழிபாடு மட்டுமல்ல. மிஷன் வரலாறுகள் ஞானஸ்நானக் கணக்கையும் பள்ளிக் கணக்கையும் விரிவாகச் சொல்கின்றன. பாட்டை ஒரு அலங்காரமாக மட்டும் தொட்டுச் செல்கின்றன. என் கணக்கில் பள்ளிக்கூடத்துக்கு நிகராக அந்த மக்களை நிமிர வைத்தது பாட்டு. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் பாட்டு நெட்டுருவாகும். சபையில் அவள் குரலைத் தவிர்த்துவிட்டுப் பாட முடியாது.

அவர்கள் பாடியது வெள்ளைக்காரர் மெட்டு மட்டுமல்ல. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக ராகங்களில் கிறிஸ்தவப் பாட்டுகளைக் குவித்து வைத்திருந்தார். மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப் 1853-இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சேற்றினார். மலையாளத்தில் அந்த வேலையைச் செய்த முதன்மையான கவிஞர் நெய்யாற்றின்கரை தாலுக்காவின் திருப்புறத்தில் பிறந்தவர்: மோசவத்சலம் சாஸ்திரியார் (1847–1916). லண்டன் மிஷன் பள்ளிகளில் வளர்ந்த அவருடைய கீர்த்தனைகள் இன்றைக்குக் கேரளத்தின் எல்லாச் சபைகளிலும் பாடப்படுகின்றன. பாடுகிறவர்களில் பலருக்கு அவர் எந்த ஊர்க்காரர் என்பது தெரியாது. கொல்லயிலிலிருந்து பஸ் பிடித்தால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஊர் அது. அங்கே பிறந்த பாட்டுகள் மத்திய கேரளத்துச் சிரியன் சபைகளின் கல்யாண வீடுகளிலும் மரண வீடுகளிலும் ஒலிப்பது, சாதிப் படிநிலை கெட்டியாக இருந்த ஒரு சமூகத்தில் சின்ன விஷயமல்ல.

ஆக இரண்டு ஓட்டங்கள். ஒன்று ஞானப்பாட்டு: மேலை மெட்டு, நான்கு குரல். மற்றது கீர்த்தனை: ராகம், தாளம், எல்லோரும் ஒரே குரல். இரண்டையும் ஒரே குழு, ஒரே ஆராதனையில் பாட வேண்டும். வெளியே இருப்பவர்களுக்கு இதன் சங்கடம் புரியாது. கீர்த்தனையின் உயிர் கமகத்தில், அதாவது சுரத்தின் அசைவில், இருக்கிறது. நான்கு குரலுக்குப் பிரித்தால் சுரம் அசையாமல் நிற்க வேண்டும், நின்றால் ராகம் செத்துவிடும். ஞானப்பாட்டின் சிக்கல் நேர் எதிர். ஆங்கில மெட்டில் அழுத்தம் விழும் இடத்தில் மலையாளத்திலோ தமிழிலோ ஒரு குறில் வந்து உட்கார்ந்திருக்கும். அதை இழுத்தால் சொல் கெடும், இழுக்காவிட்டால் மெட்டு கெடும். எல்லை ஊர்க் குழுக்கள் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் தீர்வு கொள்கை எதையும் சார்ந்ததல்ல. கீர்த்தனைக்குத் தபலா, சேர்ந்து ஒரே குரல், கடைசிச் சரணத்தில் மட்டும் பெண்கள் மேலே ஒரு துணைக் குரல். ஞானப்பாட்டுக்கு நான்கு பார்ட், குறிலை யாரும் கவனிக்காத மாதிரி கடந்து போவது. இலக்கணக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சபை சுளிப்பதில்லை.

ஒத்திகையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். இந்தக் குழுக்களின் உண்மையான நிகழ்ச்சி அதுதான். ஆறரை மணிக்கு என்று சொன்னால் ஏழு மணிக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள் அரைவட்டமாகும். யமஹா கீபோர்டின் மேல் போட்ட துணியை எடுத்து மடிப்பவர் பகலில் ஏதாவது அலுவலகத்திலோ கடையிலோ இருப்பவர். சோப்ரானோவில் பிளஸ் டூ பெண்கள். ஆல்ட்டோவில் நர்ஸ் அக்காமாரும் டீச்சர்மாரும். டெனரில் எப்போதும் ஆள் தட்டுப்பாடு. பேஸில் பின்வரிசைப் பையன்கள், பாதிப் பேர் மெட்டைப் பிடிக்கிறார்கள், மீதிப் பேர் பக்கத்தில் நிற்பவனைப் பிடிக்கிறார்கள். ஜெராக்ஸ் தாளில் பாட்டு மலையாளத்தில் இருக்கும். மூத்தவர்களின் பழைய நோட்டில் அதன் மேல் பென்சிலில் சொல்பா எழுத்துகள். புதியவர்களுக்கு அது தெரியாது. அவர்களுக்கு வாட்ஸ்அப் இருக்கிறது. கீபோர்டுக்காரர் ஒவ்வொரு பார்ட்டையும் தனித்தனியாக வாசித்துக் குரல் செய்தியாகக் குழுவில் போட்டுவிடுவார். ரயிலில் திருவனந்தபுரம் போகிற வழியில் காதில் மாட்டிக் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டு வருவார்கள். கர்வனின் கரும்பலகை செய்த வேலையை இப்போது இது செய்கிறது, ஒரு வித்தியாசத்தோடு. கரும்பலகை படிக்கக் கற்றுக்கொடுத்தது. குரல் செய்தி ஒப்பிக்கக் கற்றுக்கொடுக்கிறது. புதுப் பாட்டு வரும்போதெல்லாம் கீபோர்டுக்காரரை எதிர்பார்த்தே நிற்க வேண்டியிருக்கிறது. அவர் கல்ஃபுக்குப் போய்விட்டால் குழு அந்த ஆண்டோடு பழைய பாட்டுக்குத் திரும்பிவிடும்.

இந்த இரண்டு மணி நேரம் ஊருக்கு என்ன செய்கிறது? பதினேழு வயதுப் பெண் ஐம்பது வயது ஆணைப் பார்த்து, “மாமா, நீங்க முந்தி எடுத்துட்டீங்க” என்று சொல்லக்கூடிய இடம் வேறெங்கும் இல்லை. சாயங்காலம் ஏழுக்கு மேல் பெண்கள் வெளியே போய்வர வீட்டில் கேள்வி கேட்காத காரணம் பாடகர் குழு. இன்னொருவர் பாடும்போது தன் குரலைத் தாழ்த்த வேண்டும் என்ற பயிற்சியும் இங்கே கிடைக்கிறது; நம் பஞ்சாயத்துக் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். சண்டையும் உண்டு. யார் சோலோ பாடுவது, யாருக்கு மைக் பக்கத்தில் இடம், புதிய ஐயர் (போதகர்) வந்தவுடன் யாருடைய தங்கையைக் குழுவில் சேர்த்தார் என்பதில் தொடங்கி சபைக் கமிட்டித் தேர்தல் வரை போகும். பாடகர் குழு சண்டை போடாத சபை செத்த சபை என்பது இங்கே பாதி விளையாட்டாகச் சொல்லக்கூடியது. ஒருவகையில் சரிதான். எதைப் பற்றியாவது உரிமை கொண்டாடுகிற இடத்தில்தான் மனிதர்கள் சண்டை போடுகிறார்கள்.

மரண வீடு தனி அத்தியாயம். நோட்டீஸ் இல்லை, ஒத்திகை இல்லை. செய்தி வந்த இரண்டு மணி நேரத்தில் பத்துப் பேராவது வந்து நிற்க வேண்டும். இறந்தவர் சபைக்குச் சந்தா பாக்கி வைத்தவரா, கமிட்டியோடு கோர்ட்டுக்குப் போனவரா என்று பார்ப்பதில்லை. கச்சேரி மேடையை வைத்து இந்தக் குழுக்களை எடை போடுகிறவர்கள் இங்கே ஒருமுறை நின்று கேட்க வேண்டும். சுதி சேராது, டெனர் இருக்காது. அந்த வீட்டுக்காரர் அந்தப் பாட்டை ஆயுசுக்கும் மறப்பதில்லை.

வாத்தியத்தின் கதை வேறு வழியில் வந்தது. இரட்சணிய சேனை 1882-இல் பம்பாயில் இறங்கியபோது, பாட்டும் மேளமுமாகத் தெருவில் ஊர்வலம் போனதற்காக அதன் தலைவர் ஃபிரெடெரிக் டக்கரையும் கூட இருந்தவர்களையும் போலீஸ் பிடித்தது. அடுத்த பத்தாண்டுகளில் சேனை தென் திருவிதாங்கூருக்கு வந்தது. நாகர்கோவிலில் அவர்கள் தொடங்கிய மருத்துவமனை எல்லோருக்கும் தெரியும். அவர்களோடு வந்த கார்னெட்டையும் டிரம்போனையும் பெரிய டிரம்மையும் பற்றி யாரும் எழுதுவதில்லை. பித்தளை வாத்தியம் அரண்மனைக்கும் பட்டாளத்துக்கும் உரியதாக இருந்த நாட்டில், கூலிக்காரன் மகன் சீருடை போட்டு அதை ஊதிக்கொண்டு பொதுச் சாலையில் நடந்தான். வெங்ஙானூரில் தலித் தலைவர் அய்யங்காளி வில்வண்டி ஏறிப் பொது வழியில் போனது 1893-இல். சாலை யாருடையது என்ற கேள்வி அந்த ஆண்டுகளில் இந்தச் சீமை முழுக்க எரிந்துகொண்டிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த பேண்டின் ஓசையைக் கற்பனை செய்ய வேண்டும். இன்றைக்கு எல்லை ஊர்களின் கல்யாண, திருவிழா பேண்ட் செட்டுகளில் ஊதுகிறவர்கள் கூலிக்கு வருகிறார்கள். சினிமாப் பாட்டு வாசிக்கிறார்கள். அதைத் தாழ்வாகப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் கற்றுக்கொடுக்கும் குழுவாக இருந்தது சம்பாதிக்கும் குழுவாக மாறும்போது புதிய பையன்களைச் சேர்ப்பது நின்றுவிடுகிறது. அதுதான் பிரச்சினை.

இந்த இடத்தில் ஒரு டாக்டரைச் சொல்லாமல் போக முடியாது. கொல்லயிலுக்குப் பக்கத்துக் காரக்கோணத்தில் உள்ள சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி ஹோவர்ட் சாமர்வெல் பெயரில் இருக்கிறது. நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை நிபுணர். 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறப் போனவர். அவருடைய இசைப் பக்கம் அவ்வளவாகத் தெரிந்ததல்ல. திபெத்தில் கேட்ட பாட்டுகளைச் சுரக்குறிப்பில் எழுதிக்கொண்டு வந்து, அந்தப் பயணத்தைப் பற்றிய திரைப்படத்தோடு வாசிப்பதற்கு இசையமைத்துக் கொடுத்தவர் அவர். மிஷனில் வந்தவர்களுக்கு இசை ஒரு கூடுதல் திறமையாக இல்லை, வளர்ப்பின் பகுதியாக இருந்தது என்பதற்கு இது ஒரு சாட்சி.

பிறகு எல்லை வந்தது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது நாகர்கோவிலும் நெய்யூரும் பாறசாலையும் ஒரே திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்கள் மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1959-இல் பேராயமும் தென் கேரளம், கன்னியாகுமரி என்று இரண்டானது. ரேஷன் கார்டும் பள்ளிப் பாடமும் பிரிந்தன. பெண் எடுப்பதும் கொடுப்பதும் பிரியவில்லை. அதனால் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் மலையாளத்தில் பாடும் ஒரு குழுவில் மார்த்தாண்டத்திலிருந்து வந்த மருமகள் இருப்பாள். அவள் தாளில் மலையாளப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருப்பாள். அந்தப் பக்கம் போனால் இதே காரியம் திருப்பி நடக்கிறது. மொழி அரசியல் பேசுகிறவர்கள் இரு பக்கமும் உண்டு. பாட்டுப் புத்தகத்தில் மட்டும் சண்டை இல்லை. பொது ஆராதனைகளில் மலையாளக் கீர்த்தனைக்கு அடுத்துத் தமிழ்க் கீர்த்தனை வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. சர்க்கார் விழா நடத்திச் செய்ய முடியாத ஒன்றை, நோட்டுத் தாள் செய்துகொண்டிருக்கிறது.

கத்தோலிக்கர்களின் பாதை இன்னும் சமீபத்தியது. பூசை லத்தீனில் இருந்த வரைக்கும் சபையார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு தாய்மொழி வந்தது, அதோடு ஊர்க் குழுக்களும் வந்தன. நெய்யாற்றின்கரைக்கு 1996-இல் தனி லத்தீன் மறைமாவட்டம் கிடைத்தது. பெந்தெகொஸ்தே சபைகளில் பாடகர் குழு என்பதே இல்லை. மேடையில் நான்கைந்து பேர், டிரம் செட், கிட்டார். கீழே எல்லோரும் கைதட்டிப் பாடுகிறார்கள். வர்ஷிப் டீம் என்கிறார்கள். இளைஞர்களை அது இழுக்கிறது. ஒலிப்பெருக்கியின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரின் குரல் கேட்காது என்பது என் மனக்குறை; அவர்களுக்கு அது குறையாகப் படாது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு மதிலுக்கு உள்ளே நடக்கிறது. சபையின் பாடகர் குழுவில் சபையார் மட்டும்தான். சபையோ பெரும்பாலும் ஒரு சாதியின், ஒரு பகுதியின் சபை. நாடார் சபையும் சாம்பவர் சபையும் ஒரே பேராயத்தில் ஒரே பாட்டைத் தனித்தனியே பாடுவதை மிஷன் வரலாற்றின் வெற்றியாக நான் எண்ண மாட்டேன். மதிலுக்கு வெளியே இந்துக்களின் பக்கமும் கூட்டு இசைக்குக் குறைவில்லை. தென் திருவிதாங்கூரின் வில்லுப்பாட்டு, கோயில் நாகஸ்வரமும் தவிலும், பஜனை, இப்போது ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் சிங்காரி மேளக் குழுக்கள். இந்த மேளக் குழுக்களில் பெண்கள் செண்டை தூக்கி நிற்பதைப் பார்க்கும்போது, சமீப காலத்தில் கிராமத்துப் பெண்களின் வாழ்க்கையில் நடந்த நல்ல மாற்றங்களில் இதையும் சேர்க்கத் தோன்றுகிறது.

ஆனால் இந்தப் பகுதி வெளி உலகத்துக்குக் கொடுத்த பெரிய இசைப் பெயர்கள் குழுவிலிருந்து வந்தவை அல்ல. பாறசாலை பொன்னம்மாள் (1924–2021) திருவனந்தபுரத்தின் ஸ்வாதித் திருநாள் இசைக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்; நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடக்கூடாது என்ற பழைய தடை உடைந்து அவர் அங்கே பாடியது 2006-இல், எண்பதைத் தாண்டிய வயதில். நெய்யாற்றின்கரை வாசுதேவன் தலித் சமூகத்திலிருந்து வந்து கர்நாடக இசையில் உச்சத்தைத் தொட்டவர். பத்மஸ்ரீ கிடைத்தது 2004-இல், மறைவு 2008-இல். இரண்டு பேருமே தனிக் குரலால் வாசலைத் திறந்தவர்கள். ஒருவர் திறந்த வாசல் வழியே அடுத்தவர் தானாக நுழைந்துவிட முடியாது என்பது கச்சேரி உலகத்தின் விதி. குழுவின் விதி வேறு. அங்கே சுமாரான குரலுக்கும் இடம் உண்டு. பத்துச் சுமாரான குரல்கள் சேர்ந்தால் ஒரு நல்ல பேஸ் வரும்.

மதிலைத் தாண்டிய குழு சாத்தியமா என்றால், சாத்தியம் என்று காட்டியவர் எம்.பி. ஸ்ரீனிவாசன். சித்தூரில் 1925-இல் பிறந்தவர், இடதுசாரி, ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்துக்கு இசையமைத்தவர், சினிமாத் தொழிலாளர் சங்கங்களைக் கட்டியவர்களில் ஒருவர். மலையாள சினிமாவிலும் அவர் நீண்ட காலம் வேலை பார்த்தார். இசையமைப்பாளர் சலில் சௌத்ரி பம்பாயில் இளைஞர் பாடகர் குழுவைத் தொடங்கினார். 1958-இல் கல்கத்தா இளைஞர் பாடகர் குழு வந்தது. அந்த வழியில் எம்.பி.எஸ். 1970-களின் தொடக்கத்தில் மதராஸ் இளைஞர் பாடகர் குழுவை உருவாக்கினார். பாரதியின் பாட்டு, நாட்டார் மெட்டு, மலையாளக் கவிதை எல்லாம் நான்கு குரலுக்கு வந்தன. முன்பு சொன்ன கமகச் சங்கடத்துக்கு அவர் கண்ட வழி, சுரம் நேராக நிற்கக்கூடிய மெட்டுகளை எடுத்துக்கொண்டு, குரல்களை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு நெய்வது. அடுக்கி வைப்பதைவிட ஓட விடுவது நம் காதுக்கு ஒத்துவரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளைப் பெருங்கூட்டமாகச் சேர்த்துப் பாட வைப்பதில் அவருக்குத் தனி ஆசை. 1988 மார்ச்சில் அவர் இறந்ததும் லட்சத்தீவில், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில். அவர் பெயரில் திருவனந்தபுரத்தில் ஒரு இளைஞர் பாடகர் குழு உருவானது.

எம்.பி.எஸ்.ஸின் குழுவையும் மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷனையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. பின்னது 1893-இல் மதராசின் ஐரோப்பியர்களால் தொடங்கப்பட்டது. நடத்துநர் ஹாண்டெல் மானுவேல் காலத்தில் இந்தியர்களின் குழுவாக நிலைபெற்றது. இன்றும் மேலைச் செவ்வியல் படைப்புகளைப் பாடுகிறது. நூற்றிமுப்பது ஆண்டு தாக்குப்பிடித்ததற்குக் காரணம் தலைவர்களின் திறமை மட்டுமல்ல. நிர்வாகக் குழு, சந்தா, ஒத்திகை நாள், வாரிசாக ஒரு நடத்துநர் என்று அமைப்பாக இருந்தது. எம்.பி.எஸ். வழி ஒரு மனிதரின் வேகத்தில் ஓடியது. உள்ளடக்கத்தில் அது நமக்கு மிக நெருக்கம், அமைப்பில் பலவீனம். எல்லை ஊருக்கு வேண்டியது எம்.பி.எஸ்.ஸின் பாட்டுப் பட்டியலும் மெட்ராஸ் அசோசியேஷனின் கணக்குப் புத்தகமும்.

வெளிநாட்டு உதாரணங்களை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். எஸ்டோனியர்கள் 1869 முதல் பாட்டு விழா நடத்தி, 1980-களின் இறுதியில் பாடியே சோவியத் ஆட்சியை எதிர்த்தார்கள் என்பதைச் சொல்லி நம்மவர்கள் மெய்சிலிர்ப்பார்கள். அது ஒரு முழு நாட்டின் கதை. வெனிசுவேலாவில் 1975-இல் அப்ரேயு தொடங்கிய பிள்ளைகள் இசைக்குழு இயக்கம் நமக்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது, ஏனென்றால் அது அரசுப் பணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு வயலின் கொடுத்தது. அரசை அண்டி வளர்ந்தது ஆட்சியாளரின் மேடைக்கும் போக வேண்டியிருந்தது என்ற பாடமும் அதிலேயே இருக்கிறது.

கேரளத்தில் அரசு இதைச் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1957-இல் தொடங்கிய பள்ளிக் கலோத்ஸவத்தில் சங்ககானமும் விருந்தவாத்தியமும் பேண்ட் மேளமும் போட்டிகள். சப்ஜில்லா, ஜில்லா, மாநிலம் என்று மேலே போகும் ஏணி. தனுவச்சபுரத்து, பாறசாலை, செறுவாரகோணத்துப் பிள்ளைகளும் ஒவ்வோர் ஆண்டும் பச்சை, வெள்ளை சட்டையில் மேடையேறுகிறார்கள். ஆனால் அது போட்டி. ஏழெட்டுக் குரல்களைப் பொறுக்கியெடுத்து, ஒரே ஒரு பாட்டை மாதக்கணக்கில் தீட்டி, கிரேடு வாங்குவதோடு முடிகிறது; பொறுக்கப்படாத குழந்தை வெளியே நிற்கிறது. பிளஸ் டூ முடிந்ததும் பொறுக்கப்பட்ட குழந்தைக்கும் இடமில்லை. சபையில் பிறந்திருந்தால் பாடகர் குழு இருக்கிறது. நன்றாகப் பாடினால் கானமேளா இருந்தது. கோயில் உற்சவங்களில் வயலின், கிட்டார், தபலா, டிரிப்பிள் டிரம்ஸ் என்று பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து வாசித்த கானமேளாக் குழுக்கள்தான் கிராமத்து வாத்தியக்காரர்களுக்குச் சோறு போட்ட ஆர்கெஸ்ட்ரா. கீபோர்டின் ஸ்டைல் பொத்தான் வந்தபோது தாள வாத்தியம் போனது. கரோக்கே டிராக் வந்தபோது மீதியும் போனது. இப்போது பல மேடைகளில் ஒரு பாடகர், ஒரு லேப்டாப். உற்சவக் கமிட்டிக்குச் செலவு மிச்சம். வாத்தியம் கற்றவன் ஆட்டோ ஓட்டுகிறான்.

எனவே கேள்வி இப்படிக் குறுகுகிறது: பதினெட்டு வயதுக்கு மேல், எந்தச் சபையையும் எந்தக் கோயிலையும் சேராமல், போட்டியும் இல்லாமல், கொல்லயிலில் ஒருவர் வாரம் ஒருமுறை மற்றவர்களோடு சேர்ந்து பாட விரும்பினால் எங்கே போவார்? கேரளத்தில் இதற்கு இடமில்லை என்று சொல்வது கஷ்டம். பி.என். பணிக்கர் 1945-இல் தொடங்கிய கிரந்தசாலை இயக்கத்தின் பயனாகக் கிராமத்துக்குக் கிராமம் வாசகசாலைகள் உண்டு. ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளுக்குக் குறைவில்லை. ஓணத்துக்கு அவை விழித்துக்கொள்ளும், உறியடியும் வடம்வலியும் நடக்கும், பிறகு கேரம் போர்டோடு உறங்கிவிடும். சட்டம் தடையாக இல்லை. திருவிதாங்கூர்–கொச்சி சங்கப் பதிவுச் சட்டம் 1955-இல் வந்தது. ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் ஒரு சங்கம். தலைவர், செயலாளர், பொருளாளர், ஆண்டுக் கணக்கு, வேலை முடிந்தது.

தடை வேறு இரண்டு. முதலாவது ஆசிரியர். நான்கு குரல் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊர்களில் ஏறக்குறைய எல்லோருமே சபைக்காரர்கள். கிறிஸ்தவர் அல்லாத வீடுகள் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும், சபைகளும் தங்கள் ஆளை வெளியே கடன் கொடுக்கத் தயங்கும். இதில் முதல் அடியைச் சபைகள்தான் எடுத்துவைக்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. தலைமுறை தலைமுறையாகத் திரட்டிய ஒரு திறமையை மதிலுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, ஊரில் நல்லிணக்க மாநாடு நடத்துவதில் பொருளில்லை. இரண்டாவது பாட்டு. ஞானப்பாட்டையும் பக்திப் பாட்டையும் தள்ளிவிட்டால் பொதுவாகப் பாட என்ன மிஞ்சும் என்று உடனே கேட்பார்கள். எம்.பி.எஸ். விட்டுச்சென்றவை இருக்கின்றன. தென்பாட்டுகள் இருக்கின்றன, ‘இரவிக்குட்டிப்பிள்ளை போர்’ மாதிரி தமிழும் மலையாளமும் கலந்து நிற்கும் கதைப்பாட்டுகள் இந்த மண்ணுக்கே உரியவை, நான்கு குரலுக்கு அவற்றை யாராவது எடுத்து எழுத வேண்டும். வில்லுப்பாட்டின் எதிர்ப்பாட்டு ஏற்கெனவே பாதிப் பாடகர் குழுதான்.

பணம் பெரிய விஷயமே இல்லை. ஒரு கீபோர்டு, ஒரு ஜெராக்ஸ் கணக்கு, சனிக்கிழமை பரிப்புவடையும் சாயாவும். வாசகசாலை ஹாலின் சாவி யாரிடம் இருக்கிறது, அதை ஏழு மணிக்கு மேல் கொடுப்பாரா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.